பழைய ரேஸ் டிராக்குகள் சிமுலேட்டரில்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய சிமுலேட்டர் கேமோடு வரும் 1966 மொன்சா, 1967 சில்வர்ஸ்டோனில் ஆரம்பித்து, ஆர்வலர்கள் சொந்த நேரத்தில் உருவாக்கி இலவசமாகத் தரும் மோட்கள் (கேமில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் டிராக்குகள்) வரை, பழைய சர்க்யூட்டுகளைச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் எல்லாம் பிரமாதம் என்றுதான் எழுதியிருப்பேன். வைக்கோல் கட்டுகள், அந்தக் கால விளம்பரப் பலகைகள், தடுப்பே இல்லாமல் சாலை ஓரத்தில் நிற்கும் கூட்டம் எல்லாமே அசத்தும். ஒரு வாரம் போனால் அவை கண்ணில் படுவதே நின்றுவிடும். மிஞ்சுவது சாலை மட்டும்தான்: அதன் அகலம், சரிவு, மேடு பள்ளம். இவை சரியாக அமைந்த டிராக்குகள்தான் இன்னும் என் கணினியில் இருக்கின்றன.

அகலத்தில்தான் நிறைய மோட்கள் கோட்டை விடுகின்றன. இன்று புதிதாகக் கட்டும் சர்க்யூட்டுக்குக் குறைந்தது 12 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. பெல்ஜியத்தின் பழைய ஸ்பா டிராக்கோ 14 கிலோமீட்டர் நீளப் பொதுச்சாலை; மற்ற நாட்களில் ஊர்க்காரர்களின் வண்டிகள் போய்வந்த பாதை. ஒரு கேமிலிருந்து இன்னொரு கேமுக்குக் கைமாறி வந்த ஒரு மோட்டில் அந்தச் சாலை நெடுஞ்சாலை போல விரிந்து கிடந்தது. விளைவு, மாஸ்டா வளைவு காணாமல் போய்விட்டது. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளுக்கு நடுவே, வீடுகளை உரசிக்கொண்டு இடது, வலது என்று ஒடியும் இடம் அது. 1966 பெல்ஜியம் கிராண்ட் பிரீயின் முதல் சுற்றிலேயே கொட்டிய மழையில் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டீவர்ட்டின் பி.ஆர்.எம். கார் சாலையை விட்டுப் பறந்ததும், பெட்ரோல் கசிந்துகொண்டிருக்க அவர் காருக்குள் சிக்கிக்கிடந்ததும் அங்கேதான். அகலத்தை ஒழுங்காக வைத்த ஒரு வடிவத்தில், 1967-இன் ஃபார்முலா ஒன் காரான லோட்டஸ் 49-ஐ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அதற்குள் விட எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. விரிந்த சாலையில் அது கொட்டாவி விட்டபடி கடக்கிற இடம்.

அடுத்தது சரிவு. மழைநீர் வடிவதற்காகப் பொதுச்சாலைகளின் நடுப்பகுதி உயர்ந்திருக்கும், இரு ஓரமும் தாழ்ந்திருக்கும். ரேஸில் ஓரம் மாறும்போது கார் அந்த முதுகைத் தாண்ட வேண்டும். தாண்டும் நொடியில் ஸ்டீயரிங் லேசாகிவிடும், பின்சக்கரம் நழுவப் பார்க்கும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் (சாலையின் இழுப்பைக் கைக்குத் திருப்பித் தரும் வசதி) உள்ள ஸ்டீயரிங் வீல் இருந்தால் இது கையிலேயே தெரியும். தட்டையாகப் போட்ட சாலையில் வீல் செத்துக்கிடக்கும்.

இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்கலாம். இன்றைய சர்க்யூட் என்றால் நேரில் போய் லேசர் ஸ்கேன் எடுத்துவிடலாம். பழையதற்குப் பலரும் நம்புவது, சில நாடுகள் இலவசமாக வெளியிடும் லைடார் தரவை. அதாவது விமானத்திலிருந்து லேசரால் அளந்த நில உயரங்கள். மலையும் பள்ளத்தாக்கும் அதில் நன்றாகவே வரும். ஆனால் மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் சாலையின் முதுகோ சின்னக் குழியோ பிடிபடாது. அப்படியே எடுத்துப் போட்டால் கேமில் தரையை உருவாக்கும் முக்கோணங்களின் விளிம்புகளில் டயர் தட்டி வீல் கடகடவென்று ஆடும். அதனால் நல்ல மோடர்கள் உயரத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, சாலையைப் புதிதாக வழவழப்பாக வரைந்து, மேடு பள்ளத்தைக் கையால் சேர்க்கிறார்கள். அங்கேயும் சோம்பல் தெரிந்துவிடும். ஒரே அலையைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தால் கொஞ்ச நாளில் கை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இடிபாடுகளை ஸ்கேன் செய்வதில் வேறொரு சிக்கல். மொன்சாவில் 1955-இல் கட்டிய சாய்வுச் சுவர் போன்ற கான்கிரீட் பாதை இன்னும் நிற்கிறது. அங்கே போய் அளந்தால் கிடைப்பது பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்த கான்கிரீட். புதிதாக இருந்தபோதே அது கரடுமுரடுதான். 1960 இத்தாலி கிராண்ட் பிரீயை முக்கியமான பிரிட்டிஷ் அணிகள் புறக்கணித்ததே அந்தப் பாதையின் ஆபத்தைச் சொல்லித்தான். ஆனாலும் எவ்வளவு குலுக்கல் அன்றையது, எவ்வளவு இன்றையது என்று யாராவது ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டும். பெர்லினின் ஆவுஸ் டிராக்கில் அந்தத் தலைவலியும் இல்லை. 43 டிகிரி சாய்ந்த அதன் செங்கல் பாதையை 1967-இல் இடித்துவிட்டார்கள். படங்களையும் வரைபடங்களையும் வைத்து ஊகிப்பதுதான் வழி.

பிரான்ஸ் டிராக்குகள் கொஞ்சம் கொடுத்துவைத்தவை. அந்த நாட்டின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். பழைய வான்படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பிட் கட்டடங்களையும் பார்வையாளர் மேடையையும் 1999-இல் இடித்துவிட்ட ரூவான் லெஸ் எஸ்ஸார் மாதிரி டிராக்குக்கு இது பெரிய வரம். எனக்கு மிகவும் பிடித்த பழைய டிராக் அதுதான். மலையிறக்கத்தில் வேக வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அடியில் கல் பாவிய நூவோ மோந்த் என்ற கொண்டை ஊசி வளைவு. நல்ல வடிவத்தில் அந்தக் கற்கள் வீலில் உறுமும். 1967 ஃபார்முலா ஒன் சீசனை அப்படியே கொண்டுவந்த கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் கேம், 1998-இலேயே, 1967-இல் உண்மையில் பிரெஞ்சு ரேஸ் நடந்த ல மான்ஸ் புகாட்டி சர்க்யூட்டை விட்டுவிட்டு ரூவானைச் சேர்த்தது. வரலாற்றுப்படி தப்புதான், ஆனால் புகாட்டியை ஓட்டிப் பார்த்தவர் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

சுற்றுப்புறம் கண்ணில் படாமல் போகும் என்றேன். சிலவற்றுக்கு அது பொருந்தாது. பொதுச்சாலையில் 100 மீட்டர், 50 மீட்டர் பலகையெல்லாம் கிடையாது. தந்திக் கம்பமும் வீட்டு மூலையும்தான் பிரேக் அடிக்கும் குறி. காட்டு மரங்களை மென்பொருள் கருவியால் தூவிவிட்டால் பரவாயில்லை, கம்பங்களைத் தூவக் கூடாது.

டவுன்லோடு செய்யும் முன் பெயரில் வருடம் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உள்ள நார்ட்ஷ்லைஃபே டிராக்கை 1970-71-இல் செப்பனிட்டபோது மேடுகளைக் குறைத்து, ஓரத்துப் புதர்களை எடுத்துவிட்டு, இரும்புத் தடுப்பு போட்டார்கள். 1967-உம் 1971-உம் இரண்டு வேறு டிராக்குகள். வருடம் போடாத மோட்களில் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் கிடக்கும்.

கணினி ஓட்டும் எதிரிகளைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். குறுகலான நீண்ட டிராக்குகளில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகவே போவார்கள். வி.ஆர். ஹெட்செட் போட்டால் மேடு பள்ளம் திரையில் தெரிவதைவிடப் பல மடங்கு புரியும், ஆனால் மரங்கள் அடர்ந்த இடத்தில் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) சரியும். நிழலின் தரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. கார் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்றைய ஜிடி3 பந்தயக் காரில் பழைய ஸ்பாவைச் சுற்றிவிட்டு ரொம்ப சுலபம் என்று தீர்ப்பு சொல்பவர்கள் உண்டு. காரைச் சாலையோடு அழுத்தும் விங்கும் அகல டயரும் சாலையின் பாதிக் குணத்தை விழுங்கிவிடும். விங் வருவதற்கு முந்தைய காரில், அதாவது 1967 வரையிலான ஒன்றில், ஓட்டிப் பாருங்கள்.