தேன் பாட்டிலோடு ஒரு கதைச் சீட்டு: குலசேகரம் பக்கத்துத் தேன் கடை

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓடு போட்ட சின்னக் கடை ஒன்று இருக்கிறது. 'தேன் கிடைக்கும்' என்று ஒரு பலகை, அவ்வளவுதான், கடைக்குப் பெயர் கிடையாது. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மாவட்டம் இது, நல்ல தேனுக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் நான் அரை மணி நேரம் பைக் ஓட்டி இங்கேதான் போகிறேன். காரணம், பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுச் செருகித் தருகிற கதைச் சீட்டு.

தேனீ வளர்ப்பது அண்ணாச்சி. சீட்டு எழுதுவது அவர் மனைவி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள். ஒவ்வொன்றிலும் பழைய காலத்துக் கணித மேதையோ விஞ்ஞானியோ நம்ம ஊருக்கு வந்து தேனீக்களிடம் மாட்டிக்கொள்வார். தாளின் அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே கதை, கீழே உண்மையில் நடந்தது. பிள்ளைகளுக்கு அறிவியல் கதை என்று எத்தனையோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எது கற்பனை எது நிஜம் என்று இவ்வளவு நேர்மையாகப் பிரித்துக் காட்டியதை நான் பார்த்தது இங்கேதான்.

முதலில் கிடைத்தது வானியல் மேதை கெப்ளர் சீட்டு. குளிருக்குப் போட்ட மேலங்கியில் பனித்துகளோடு வந்து நிற்கிறார், ஒரு தேனீ பறந்து வந்து அந்தத் துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு "எங்க வீட்டுச் சுவரை நீர் எதற்கு எடுத்தீர்?" என்று சண்டைக்கு நிற்கிறது. கோட்டுக்குக் கீழே: 1611-ல் பிராகா நகரில் இருந்தபோது, பனித்துகள் எப்போதும் ஏன் ஆறு முனையோடு விழுகிறது என்று யோசித்து, அதையே ஒரு சின்ன நூலாக எழுதி நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார் கெப்ளர், அதில் தேனடையும் மாதுளை முத்தும்கூட வரும்.

அன்றைக்கு என் மகள் "சரி, ஏன் ஆறு பக்கம்?" என்று கேட்டாள். டீச்சர் உள்ளே போய் மூன்று துண்டு வாழைநார் கொண்டுவந்தார். 100 சதுர சென்டிமீட்டர் இடத்தை வளைக்க முக்கோணத்துக்கு 45.6 சென்டிமீட்டர் நார் வேண்டும், சதுரத்துக்கு 40, அறுகோணத்துக்கு 37.2 போதும். மேசையில் ஆணி அடித்து மூன்றையும் கட்டிக் காட்டினார். மிச்சமான நார்த் துண்டை மகள் கையில் கொடுத்து, "இவ்வளவு மெழுகு அதுக்கு லாபம் மக்களே" என்றார். இடைவெளி விடாமல் அடுக்க முடிகிற ஒழுங்கு வடிவங்கள் இந்த மூன்றுதான் என்பதால் போட்டியே இவற்றுக்குள்தான். ஒரே அளவு அறைகளாக இடைவெளி விடாமல் பிரிக்க, வேறு எந்த வளைந்த, கோணலான வடிவம் வந்தாலும் அறுகோணத்தை வெல்ல முடியாது என்று கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தது 1999-ல்! அலெக்சாந்திரியாவின் பழைய கிரேக்கக் கணித மேதை பாப்பஸ் தேனீயின் கணக்கறிவைப் புகழ்ந்து எழுதி ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நார்த் துண்டு இப்போதும் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வழக்குச் சீட்டு. பத்மநாபபுரம் அரண்மனையில், ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் தேனீக்களை நிறுத்தி, மெழுகை வீணாக்கியதாகக் குற்றம் சாட்டுகிறார்கள். சாட்சி சாமுவேல் கோனிக், தேனீக்களின் வக்கீல் மெக்லாரின், இரண்டு பேரும் கணித அறிஞர்கள். நிஜத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட வழக்குதான். தேனடையில் ஒவ்வோர் அறையின் அடியையும் மூடுகிற மூன்று சாய்சதுரத் தட்டுகளின் விரிகோணம் 109 பாகை 28 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று, தேனடையை ஆராய்ந்த மரால்டி சொல்லியிருந்தார். மெழுகு குறைவாகச் செலவாக எந்தக் கோணம் வேண்டும் என்று கணக்குப் போட்ட கோனிக்குக்கு 1739-ல் வந்தது 109 பாகை 26 கலை. தேனீ 2 கலை தப்பிவிட்டது என்று பேச்சானது. 1743-ல் மெக்லாரின் திரும்பப் போட்டுப் பார்த்தால் 28 கலைதான் சரி, தப்பியவர் கோனிக். திருவிதாங்கூர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போர் முடிந்து இரண்டே வருஷம் அப்போது. டீச்சர் அதோடு விடவில்லை, 1964-ல் ஹங்கேரியின் ஃபெயெஷ் டோத் இதைவிடத் துளி மெழுகு மிச்சமாகும் அடிவடிவம் ஒன்றைக் கண்டுபிடித்ததையும் கோட்டுக்குக் கீழே எழுதிவிட்டார்.

ஹூபர் சீட்டும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஜெனீவாக்காரர், பார்வை போனவர். புத்தகத் தாள் மாதிரி விரிகிற பெட்டி செய்து, உதவியாளர் பர்னென்ஸின் கண் வழியாகத் தேனீக்களை ஆராய்ந்து, ராணித் தேனீ கூட்டுக்கு வெளியே பறந்து போய்த்தான் இணைசேரும் என்று கண்டுசொன்னவர். கதையில் அவருக்குக் கண்ணாக இருப்பது ரப்பர் பால் வெட்டுகிற நம்ம ஊர்ப் பையன்.

இனி தேன். ரப்பர்த் தேன்தான் பிரதானம், அது பூவிலிருந்து வருவதில்லை, இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் ஊறுவது. அரைக் கிலோ 220 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டே மாதத்தில் அடியில் மணல் மணலாக உறைந்தது. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும், கலப்படம் என்று பயப்பட வேண்டாம், பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். கொட்டாத குட்டித் தேனீயின் சிறுதேன் எப்போதாவதுதான் கிடைக்கிறது, புளிப்பும் விலையும் அதிகம். பாட்டில் மூடி சரியில்லை, பையில் ஒருமுறை ஒழுகிவிட்டது.

மூடியைவிட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது நியூட்டன் சீட்டு. அயனி (காட்டுப் பலா) மரத்தடியில் உட்கார்ந்திருந்த நியூட்டன் தலையில் அயனிச் சக்கை விழுகிறது, எழுந்து போய்த் தேன் பெட்டி செய்கிறார். நம்ம பக்கம் எல்லோரும் 'நியூட்டன் பெட்டி' என்றுதானே சொல்கிறோம்! ஆனால் அந்தப் பெட்டியைச் செய்தவர் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன், 1911 முதல் 1917 வரை ஆட்களுக்குத் தேனீ வளர்ப்புப் பழக்கியவர், நம்ம ஊர் இந்தியத் தேனீக்குத் தக்க அளவில் செய்தார். அப்புறம் 1920-களில் மார்த்தாண்டம் ஒய்எம்சிஏவில் ஸ்பென்சர் ஹாட்ச் இந்தத் தொழிலை வீடுவீடாகக் கொண்டுபோனார். ஐசக் நியூட்டன் 1727-லேயே இறந்துவிட்டார். மற்ற எல்லாச் சீட்டிலும் இருக்கிற கோடு இதில் மட்டும் இல்லை, என் மகள் இரண்டு பேரும் ஒருவர்தான் என்றே நம்பிவிட்டாள்.

போன ஞாயிறு நேரில் போய்ச் சொன்னேன். டீச்சர் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "நீங்க சொன்னது சரிதான் தம்பி, இத விட்டுட்டேன் பாருங்க" என்று கல்லாப் பக்கத்திலிருந்த நியூட்டன் கட்டை அப்படியே எடுத்து மேசையில் வைத்தார். மகள் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு தாளிலும் கோடு போட்டுப் பாதிரியார் பெயரைக் கையாலேயே எழுத ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பும்போது பாதிக் கட்டு முடிந்திருந்தது. இப்போது போகிறவர்கள் நியூட்டன் சீட்டு வாங்கினால் அடியில் நீல மை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.