ஸ்னாக் ஸ்டிக் கேசிங்: நாலு வருஷம் கொலாஜனும் ஆட்டுக்குடலும் போட்டுப் பாத்த அனுபவம்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஃபோன் பண்ணி, "டேய், 5 பவுண்ட் ஸ்டஃபர் வாங்கிட்டேன், ஸ்னாக் ஸ்டிக் போட எந்த கேசிங்டா வாங்குறது"ன்னு கேட்டான். ஸ்னாக் ஸ்டிக்னா அரைச்ச கறியை மெலிசான உறைல அடைச்சு புகைபோட்டு எடுக்குற குச்சி சாசேஜ்; அந்த உறைதான் கேசிங், அடைக்கிற மெஷின்தான் ஸ்டஃபர். ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம்னு ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் ஓடிடுச்சு, அதுல பாதி கொலாஜனை, அதாவது ஃபாக்டரில செய்யற சாப்பிடக்கூடிய உறையை, திட்டினதுதான். கொஞ்சம் நிதானமா எழுதினா அதுக்கும் நியாயமா இருக்கும்னு தோணுச்சு.

நான் இருக்கிறது அமெரிக்காவுல விஸ்கான்சின்ல. நவம்பர்ல மான் வேட்டை சீசன் முடிஞ்சா ஆபீஸ்ல ஆளாளுக்கு வீட்ல ஸ்மோக் பண்ணின ஸ்டிக்கை ஜிப் பைல போட்டு எடுத்துட்டு வருவாங்க, அதை தின்னுதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. நான் போடுறது சிக்கன் தொடைக்கறி, தோலோட அரைச்சு, மிளகு சீரகம் பூண்டு தூக்கலா. உப்பு, க்யூர் (கறி கெடாம இருக்கப் போடுற நைட்ரைட் உப்பு) அளவுக்குள்ளெல்லாம் இங்க போகல.

முதல் மூணு வருஷம் கொலாஜன்தான், 19 மில்லிமீட்டர். நல்லதை நல்லதுன்னு சொல்லணும்ல, அதை மாதிரி சுலபம் எதுவும் கிடையாது. ஊறப்போட வேணாம், போடவும் கூடாது, பாக்கெட்ல இருந்து எடுத்து ட்யூப்ல மாட்டி ஸ்டஃபர் கைப்பிடியை சுத்த வேண்டியதுதான். நாத்தம் இல்ல, முடிச்சு விழாது, எல்லா குச்சியும் ஒரே தடிமன். மிச்சத்தை காத்து போகாம கட்டி வெச்சா அடுத்த தடவைக்கு ஆச்சு.

ஆனா கடிச்சுப் பாருங்க. கறி கரைஞ்சு உள்ள போயிடும், தோலு மட்டும் செல்லோடேப் மாதிரி பல்லுல நிக்கும். மசாலா இறங்கி, புகை பிடிச்சு, நிறம் வந்து, எட்டு மணி நேரம் பக்கத்துலயே காவல் இருந்து எடுத்த பண்டத்தை என் பையன் தோலை உரிச்சு தட்டு ஓரமா வெச்சுட்டு சாப்பிட்டான், அன்னிக்கு எனக்கு மனசே விட்டுப்போச்சு.

தப்பு முழுக்க கேசிங் மேலயும் இல்ல. நான் ஸ்மோக்கரை (புகைபோடுற பெட்டி) எடுத்ததுமே சூடா வெச்சுட்டேன், உள்ள ஈரப்பதமும் கம்மி, தோல் காஞ்சு விறைச்சுப்போச்சு. அப்புறம் 130 ஃபாரன்ஹீட்ல ஒரு மணி நேரம் புகையில்லாம மேல்ஈரம் மட்டும் காய விட்டு, பிறகு புகை, கொஞ்சம் கொஞ்சமா சூட்டை ஏத்தி, அடியில தண்ணி தட்டு வெச்சு, 180-ஐ தாண்டாம பாத்துக்கிட்டேன். முடிஞ்சதும் ஐஸ் தண்ணி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல மூடின பைல வெச்சா கறியோட ஈரம் தோலுக்கு ஏறி கொஞ்சம் இளகும். இவ்வளவும் பண்ணி பாதி தேறுச்சு.

இன்னொன்னு, கொலாஜன்ல தோசைக்கல்லுல வாட்டுற ஃப்ரெஷ் டைப் வேற, ஸ்மோக் பண்றதுக்கான டைப் வேற. ஃப்ரெஷ் டைப் மெலிசு, தொங்கவிட்டா கனம் தாங்காது. ஒரு கடைல வெறும் "சாப்பிடக்கூடிய கொலாஜன்"னு மட்டும் போட்டிருந்தான், நம்பி வாங்கி மாட்டினேன், ஒரு மணி நேரத்துல மொத்த வரிசையும் ஸ்மோக்கர் தரைல. அந்தக் கோபம் இன்னும் தீரல.

அதைவிட பெரிசு ஒன்னு இருக்கு. எங்க மாமியார் மாடு சாப்பிட மாட்டாங்க. கோழி ஸ்டிக்தானேன்னு ரெண்டு தடவை குடுத்துட்டேன். கொலாஜன் பெரும்பாலும் மாட்டுத்தோலோட உள்ளடுக்குல இருந்து செய்யறதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவங்ககிட்ட போய் சொன்னேன், திட்டவே இல்ல, "சரி விடுங்க மாப்ள"ன்னு எழுந்து போயிட்டாங்க. உள்ள கோழியா இருந்தாலும் உறை எதுலன்னு தயவுசெஞ்சு கேளுங்க.

அதுக்கப்புறம்தான் ஆட்டுக்குடல். உப்புல போட்டு வரும், ஒரு ஹாங்க் (கட்டு)னா 100 கெஜம், கிட்டத்தட்ட 91 மீட்டர். உப்பை அலசி, வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரமாவது ஊறவெச்சு, ஒவ்வொரு இழையா முனை கண்டுபிடிச்சு உள்ள தண்ணி ஓட்டணும், நூல்கண்டு சிக்கெடுக்குற வேலைதான். 20 மில்லிமீட்டர் குடலுக்கு அரை இஞ்ச் ட்யூப், அதுல கறியைத் தள்ள தோள்பட்டை கழண்டுடும், நடுவுல எங்கயாவது படார்னு கிழியும். தடிமனும் ஏத்த இறக்கமா இருக்கும், விலையும் கூட. மிச்சத்தை திரும்ப உப்புல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா மாசக்கணக்கா இருக்கும், அது ஒரு ஆறுதல்.

ஆனா அந்தக் கடி! நறுக்குன்னு உடைஞ்சு சாறு இறங்கும், தோல்னு ஒன்னு இருந்ததே தெரியாது. கொஞ்ச நேரம் புகை போட்டு, மிச்ச வேக்காட்டை 170 தண்ணில முடிச்சு, உள்சூடு 165 வந்ததும் எடுத்தா இன்னும் மெத்துனு இருக்கும். பையன் இப்ப உரிக்கிறதில்ல.

ஃபைப்ரஸ்னு சாப்பிட முடியாத ஒரு உறை இருக்கு, அது இதுல சேராது, அது உரிச்சுப்போட்டு வெட்டுற தடி சம்மர் சாசேஜுக்கு.

ஆக வேலை, விலை, சுத்தம்னு எதை எடுத்தாலும் கொலாஜன்தான் மேல. ஃப்ரெண்டுக்கு வீட்ல ரெண்டு சின்னப் பசங்க, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு, நியாயமா பாத்தா கொலாஜன்தான் வாங்கச் சொல்லணும். நான் ஆட்டுக்குடல்தான் வாங்கச் சொன்னேன். மாமியார் அடுத்த வாரம் வர்றாங்க, என்னோடது கிண்ணத்துல ஊறிக்கிட்டு இருக்கு.