கண்டென்சரா, டைனமிக்கா? வீட்டு அறைக்குள் இரண்டு மைக்குகள்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கண்டென்சர் மைக். ஸ்டூடியோப் புகைப்படங்களில் பாடகரின் முகத்துக்கு எதிரே தொங்குவது அதுதானே? நானும் அப்படித்தான் வாங்கினேன். அன்றிரவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கின் சிக்னலைப் பெருக்கும் கெயின் திருகைக் கூட்டினேன். மின்விசிறியின் முனகல், கடிகார முள், அடுத்த அறையில் யாரோ தாழ்ப்பாள் போடும் சத்தம் எல்லாம் கேட்டன. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

கண்டென்சருக்குள் இருப்பது உலோகம் பூசிய, சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வு. எடை மிகக் குறைவென்பதால் மிக மெல்லிய அதிர்வுக்கும் அசைந்துகொடுக்கிறது. இதற்கு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டு, மைக் பழுது என்று முடிவுகட்டி ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன். டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். காந்தப் புலத்தில் அது அசையும்போது சிக்னல் பிறக்கிறது. சுருளையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருப்பதால் உயர் அதிர்வெண் (கீச்சான) ஒலிகளில் அதன் கூர்மை குறைவு. மேடைகளில் தவறாமல் தென்படும் உருண்டைத் தலை மைக், 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58, இந்த வகைதான்.

‘டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை வாங்காது’ என்பார்கள். இது பாதி உண்மை. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிப் பாருங்கள்: மின்விசிறி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். வித்தியாசம் நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. கண்டென்சருக்கு முன்னால் 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறோம். டைனமிக்கில் உதடு கிட்டத்தட்ட உரசும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் சுமார் 6 டெசிபல் கூடுகிறது. 20-இலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். அறையின் சத்தமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நெருங்கி நிற்பதற்கும் விலை உண்டு. அடித்தொனி வீங்கி, மெல்லிய குரல்கூடக் கனத்துப்போகும். ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று குண்டாக வெடிக்கும். பல்லவியின் முதல் சொல்லே ‘ப’வில் தொடங்கும் பாட்டை எழுதிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கடைவாய்ப் பக்கம் சாய்த்து வைத்தபிறகுதான் அடங்கியது. கண்டென்சரில் தலைவலி வேறு: ‘ச’வும் ‘ஸ’வும் ஊசியாகக் குத்தும்.

டைனமிக்கின் உண்மையான குறை, அதன் சிக்னல் மிகச் சன்னமானது என்பதே. உரத்துப் பாடினால் தெரியாது. தாலாட்டு போல முணுமுணுத்தால் கெயினை ஏறக்குறைய முழுக்கத் திருப்ப வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ் அங்கே ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறத் தொடங்கிவிடும்.

நேராகக் கணினியில் செருகும் யுஎஸ்பி மைக்கும் உண்டு. பேச்சுக்குப் போதும். குரலோடு கிதாருக்கும் தனி மைக் வைக்க நினைக்கும் நாளில் அது கைவிட்டுவிடும்.

என் வாக்கு, வீட்டில் குரல் பதிவுக்கு டைனமிக். வெற்றுச் சுவர்களின் எதிரொலியோடு பதிவான குரலைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. கொஞ்சம் மங்கலான குரலை ஓரளவு பளிச்சென்று ஆக்கிவிடலாம். கண்டென்சர்தான் வேண்டுமென்றால், துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். தடித்த போர்வை ஒன்றையும் பின்னால் தொங்கவிடுங்கள். அக்கூஸ்டிக் கிதாருக்கோ போட்டியே கிடையாது. கிதார்க் கழுத்தின் பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃப்ரெட்) எதிரே ஒரு சாண் ஒன்றரைச் சாண் தள்ளி கண்டென்சரை வைத்தால், தந்தியில் விரல் வழுக்குவதுகூடப் பதிவாகும்.

அப்படி ஒரு பதிவு என்னிடம் இருக்கிறது. ஒருநாள் இரவு மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது, குளிர்சாதனப் பெட்டி அடங்கியது, தெருவும் ஓய்ந்தது. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது; இன்டர்ஃபேஸுக்கும் மைக்குக்கும் அதுவே போதும். வியர்வை வழிய, கிதாரோடு ஒரே மூச்சில் ஒரே டேக். பதினேழு டேக்குகளில் வராத சரணம் வந்தது, மூச்சிழுப்பு உட்பட. கடைசி ஸ்வரம் கரைந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பிவிட்டது. மின்விசிறி மெல்லச் சுழன்று வேகமெடுப்பது அதில் அப்படியே கேட்கிறது. சத்தம் நீக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கிதார் தண்ணீருக்கடியில் வாசித்ததுபோல் ஆனது. பழைய கோப்பையே வைத்துக்கொண்டேன்.