திரைச்சீலைக்குப் பின்னால் மூன்று மெஷின்: திருநெல்வேலிக் கேமிங் கடை ஒன்றுக்கு மூன்றரை நட்சத்திரம்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்திக்கும் திருநெல்வேலிச் சந்திக்கும் இடையில், கீழே போட்டோக்கொப்பிக் கடை, மேலே இது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு விளங்கிவிடும். பெயர் போடாததற்குக் காரணம், கடை அண்ணா நல்ல மனிதர், நான் இங்கே புறுபுறுக்கப் போவதில் பாதி அவர் கடையைப் பற்றியதே இல்லை.

முதலில் எல்லாரும் கேட்கிற விசயம். ஒரு மணித்தியாலத்துக்கு 250 ரூபாய், மூன்று மணித்தியாலம் சேர்த்து எடுத்தால் 600. முன் பக்கம் பதினொரு மெஷின், எல்லாம் 144 ஹேர்ட்ஸ் திரை (செக்கனுக்கு 144 தரம் படம் மாறும்), கதிரைகள் இன்னும் கிழியவில்லை, ஏசி குளிர் எலும்புக்குள் போகும். நெற் நல்லது. வலோரன்ட் என்ற சுடுகிற விளையாட்டில் மும்பை சேர்வருக்கு எனக்குப் பிங் (சிக்னல் போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம், மில்லிசெக்கனில்) 70ஐத் தாண்டியதே குறைவு, என் வீட்டு ரவுட்டரில் மழை பெய்தால் வருகிற எண்ணை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். கரண்ட் போனால் ஜெனரேற்றர் உடனே பிடிக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டதாம். பிளேன்ரீ கேட்டால் கீழேயிருந்து எடுப்பித்துத் தருவார். கழிப்பறை பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள்.

நான் இந்தக் கடைக்குப் போனது இதுகளுக்காக இல்லை. "பெண்களுக்குத் தனி இடம் உண்டு" என்று பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் அப்படிப் போடுகிற கேமிங் கடையை நான் அதற்கு முதல் கண்டதில்லை, சரி போய்ப் பார்ப்போம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனேன்.

தனி இடம் என்பது ஒரு மூலை. ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டிலைச் சுற்றி இழுத்துவிடுவார்களே, அந்த மாதிரி ஒரு மெரூன் நிறத் திரைச்சீலை. அதற்குப் பின்னால் மூன்று மெஷின், 12, 13, 14 என்று நம்பர் ஒட்டியிருக்கிறது. மூன்றும் கடையின் பழைய மெஷின்கள், திரை 60 ஹேர்ட்ஸ்தான், ஏசிக் காற்று திரைச்சீலையோடு நின்றுவிடும். காசு மட்டும் அதே 250. உட்கார்ந்து ஹெட்செட்டைப் போட்டேன், மைக் வேலை செய்யவில்லை. பக்கத்து மெஷினில் இருந்ததை மாற்றிப் பார்த்தேன், அதுவும் இல்லை. மூன்றாவதில் மைக்கின் தண்டே உடைந்து போயிருந்தது.

அண்ணாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஒளிவுமறைவில்லாமல், கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்: "பிள்ளையள் மைக் பாவிக்கிறேல்லைத்தானே தங்கச்சி, அதான் மாத்தேல்லை."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. அந்த மெஷினின் கீபோட்டைப் பார்த்தேன். நடக்கப் பாவிக்கிற டபிள்யூ, ஏ, எஸ், டி நாலு எழுத்தும் தேய்ந்து அழிந்திருந்தன, வி மட்டும் நேற்று வாங்கினது மாதிரிப் பளபளவென்று இருந்தது. விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன், வலோரன்ட்டில் உங்கள் அணியோடு கதைக்க அழுத்திப் பிடிக்கிற பட்டன் வி. நானும் ரெண்டு வருசம் அதைத் தொடாமல் விளையாடினவள்தான்.

தொடாமல் விளையாடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வலோரன்ட் 2020 ஜூனில் வந்தது, ஐந்துக்கு ஐந்து, முதலில் 13 ரவுண்ட் எடுக்கிற அணி வெல்லும், ஒரு ரவுண்டில் செத்தால் அந்த ரவுண்ட் முடியும் வரை பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எதிரணி எந்த வழியால் வருகிறது என்று, "பி மெயினில மூண்டு பேர்" என்று வாயால் சொல்ல ஒரு செக்கன் போதும். அதையே டைப் பண்ணப் போனால், டைப் பண்ணுகிற நேரத்தில் அந்த மூன்று பேரும் வந்து என்னைச் சுட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டு விளையாடுகிற ஒவ்வொரு பெட்டையும் ஒரு கையைக் கட்டிக்கொண்டுதான் விளையாடுகிறாள். அப்புறம் ராங்க் ஏறவில்லை என்றால் "பெட்டையளுக்கு இது சரிவராது".

வாயைத் திறந்தால் நடப்பது இது. முதலில் ரெண்டு செக்கன் ஒரு அமைதி. பிறகு "பொண்ணா?" என்று ஒருவன். "வொய்ஸ் சேஞ்சர்டா" என்று இன்னொருவன். எந்த ஊர், என்ன வயசு, இன்ஸ்டா ஐடி சொல்லு. "சேஜ் எடு" என்று உத்தரவு வேறு, ஏனென்றால் சேஜ் மற்றவர்களுக்குக் காயம் ஆற்றுகிற கரக்டர், பெண் என்றால் மருந்து கட்டத்தான் வந்திருப்பாள் என்று ஒரு கணக்கு. நான் ஓமன் என்ற, புகை போட்டு மறைக்கிற கரக்டரை விளையாடுகிறவள். மும்பை சேர்வரில் தமிழ்நாட்டுப் பெடியள் நிறைய வருவார்கள், தமிழ் கேட்டவுடன் எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கும், ஆனால் நான் "ஓம், விளங்குது" என்று சொன்னால் முடிந்தது. "என்ன ஓம், சாமி கும்பிடுறியா?" அதற்குப் பிறகு மட்ச் முழுக்க யாராவது ஒருவன் தனக்குத் தெரிந்த சிலோன் தமிழில் என்னை மாதிரிக் கதைத்துக் காட்டிக்கொண்டே இருப்பான். இதெல்லாம் வெல்லுகிற மட்சில். தோற்கிற மட்சில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன், அம்மா இதை வாசிப்பா.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், இதை ஆட்கள் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2013ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஹேலோ 3 விளையாட்டில் முன்கூட்டியே பதிவு செய்த ஆண் குரல், பெண் குரல், குரலே இல்லாமல் என்று மூன்று விதமாக விளையாடிப் பார்த்தார்கள். கதைத்த வசனங்கள் ஒன்றேதான், குரல்தான் வேறு. பெண் குரலுக்கு விழுந்த திட்டு, ஆண் குரலுக்கு விழுந்ததைப் போல மூன்று மடங்கு. நான் இதையே சித்தியின் மகனை வைத்துச் செய்து பார்த்தேன், ஆய்வு என்று பெயர் வைக்க மாட்டேன், சும்மா ஒரு பின்னேரம். என் எக்கவுண்ட், என் கை, ஐந்து மட்சில் மைக் மட்டும் அவனிடம், நான் காதுக்குள் சொல்வதை அவன் சொன்னான். ஒருவன்கூட அவனிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எதிரி நிற்கிற இடத்தைச் சரியாகச் சொன்னதற்கு "சூப்பர் கோல் ப்ரோ" என்று ஒருவன் சொன்னபோது அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஹேலோ 3 விளையாட்டை வைத்தே 2015ல் இன்னொரு ஆய்வும் வந்தது. பெண் குரலைக் கேட்டு ஆகக் கூடுதலாகச் சீறியது, மோசமாக விளையாடிக்கொண்டிருந்த ஆண்களாம். நல்லாக விளையாடியவர்கள் அவ்வளவு சீறவில்லை. இதற்கு ஆய்வே தேவையில்லை. கீபோட்டில் டாப் (Tab) பட்டனை அழுத்தி ஸ்கோர் பாருங்கள், ஆகக் கீழே கிடக்கிற பெயர் எதுவோ அந்தப் பெயருக்குத்தான் ஆகப் பெரிய வாய்.

சரி, நல்லாக விளையாடினால் விட்டுவிடுவார்களா? தென் கொரியாவில் கெகுரி என்ற பெயரில் ஓவர்வாட்ச் என்ற இன்னொரு சுடுகிற விளையாட்டை விளையாடிய கிம் செ-யோனுக்கு 2016ல் 17 வயது. இவ்வளவு துல்லியமாக ஒரு பெட்டை சுட முடியாது, இது ஹேக், கள்ள மென்பொருள் என்று எதிரணிப் பெடியள் புகார் சொன்னார்கள், பொய் என்றால் நாங்கள் விளையாட்டையே விட்டுவிடுகிறோம் என்று சவால் விட்டவர்களும் இருந்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு ஸ்டூடியோவில் போய் இருந்து, கையையும் திரையையும் கமரா பார்த்துக்கொண்டிருக்க, விளையாடிக் காட்ட வேண்டி வந்தது. ஹேக் ஒன்றும் இல்லை. 2018ல் அதன் தொழில்முறைப் போட்டியான ஓவர்வாட்ச் லீக்கில் சேர்ந்த முதல் பெண்ணும் அவதான். தோற்றால் பெட்டை, வென்றால் ஹேக்.

கடைக்கு வருகிறேன். மூன்றாம் தரம் போனபோது என் சொந்த ஹெட்செட்டைக் கொண்டுபோனேன். ஒரு மட்சில் ஆறுக்கு எட்டு என்று நிற்கிறோம், நான் ஏதோ சொல்ல, அணியில் ஒருவன் தமிழில் ஒரு சொல்லால் என்னைத் திட்டினான். அது முதலில் என் காதில் கேட்கவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு, அரை செக்கன் கழித்து, ஹெட்செட்டுக்குள் அதே சொல், அதே குரல். மும்பை போய்த் திரும்பி வந்திருக்கிறது, நாலு அடி தூரத்திலிருந்து.

எழும்பித் திரைச்சீலையை விலக்கினேன். ஒன்பதாம் நம்பரில் ஒரு பெடியன், ரியூசன் பாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, மீசை இப்போதுதான் அரும்புகிறது. என் கழுத்தில் தொங்குகிற ஹெட்செட்டைப் பார்த்தான், தன் திரையைப் பார்த்தான், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான், ஏன் பொத்தினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "சொறி அக்கா" என்றான். ஒரு நிமிசத்துக்கு முதல் நான் அந்தச் சொல், இப்போது அக்கா. நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "மட்ச் முடியேல்லை, விளையாடு" என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தேன். தோற்றோம். அவன் அதற்குப் பிறகு கதைக்கவே இல்லை, ஏ பக்கம் ஆள் வந்ததைக்கூடச் சொல்லவில்லை, அந்த ரவுண்டில் நான் செத்தது அவனால்தான்.

கடை அண்ணா ஓடி வந்து முதலில் செய்த வேலை, திரைச்சீலையைத் திரும்ப இழுத்துவிட்டது. "நீங்கள் உள்ள இருங்கோ தங்கச்சி, நான் பாத்துக்கொள்ளுறன்." பார்த்துக்கொண்டார்தான், பெடியனுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. எனக்கு உறைத்தது அவர் கை முதலில் போன இடம். சத்தம் போட்டவன் அந்தப் பக்கம், மூடுபட்டது என் பக்கம்.

போகும்போது கேட்டேன், அண்ணா, எங்களுக்கு ஏன் முன் மெஷின் தரக்கூடாது என்று. தரலாம், ஆனால் உங்கள் வீட்டு ஆட்கள் வந்து பார்த்தால் என்ன சொல்லுவினம் என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அம்மா முதல் நாள் கேட்ட கேள்வியே "அங்க பெடியளோ?" என்பதுதான், "தனியா இடம் இருக்கம்மா" என்று அன்று நான் சொல்லக்கூடியதாக இருந்தது அந்த மெரூன் துணியால்தான். அது தொங்குவது எங்களுக்காக இல்லை, அம்மாக்களுக்காக. 14ஆம் நம்பரில் வந்து விளையாடுகிற ஒரு ஓ.எல். சோதினை எடுக்கப் போகிற பிள்ளை, துணியைக் கழற்றினால் அடுத்த கிழமை வர மாட்டாள். ஆகவே கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தனியாக வைப்பது எல்லாமே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். வலோரன்ட்டைச் செய்கிற ரயட் கேம்ஸ் 2021ல் கேம் சேஞ்சர்ஸ் என்று பெண்களுக்கான போட்டித் தொடரைத் தொடங்கியது, அடுத்த வருசம் பெர்லினில் உலகப் போட்டியே வைத்தது, ஜீ2 கோசன் என்ற அணி வென்றது. அதுவும் ஒரு தனி அறைதான், ஆனால் அந்த அறையில் நல்ல மெஷின், நல்ல மைக், பார்க்க ஆட்கள். (அதே கம்பனிதான் தன்னிடம் வேலை செய்த பெண்களைப் பாகுபாடாக நடத்திய வழக்கில் 100 மில்லியன் டொலர் கொடுக்க 2021 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. ஆகவே கோயில் கட்டத் தேவையில்லை.) ஏச்சுப் பேச்சைப் பிடிக்க வொய்ஸ் சட்டைப் பதிவு செய்கிற வேலையை 2022 ஜூலையில் தொடங்கினார்கள், வட அமெரிக்காவில், ஆங்கிலத்தில். திருநெல்வேலியில் தமிழில் திட்டுகிறவனைத் திருத்த அன்றைக்கு இருந்தது கடை அண்ணா மட்டும்தான்.

நான் அவரிடம் கேட்டது ரெண்டே ரெண்டு. மைக்கை மாற்றுங்கள். ஏசி வராத மூலைக்கு 250 வாங்காதீர்கள். போன கிழமை போனபோது 12இலும் 13இலும் புது ஹெட்செட், விலை 200 ஆகியிருந்தது. சுவரில் "கீபோட்டுக்கு மேல் ரோல்ஸ் சாப்பிட வேண்டாம்" என்ற அறிவித்தலுக்குக் கீழே, "தூசணம் கதைத்தால் எழுப்பப்படும், காசு திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ஒரு புதுத் தாள். திரைச்சீலை அப்படியே இருக்கிறது, ஆனால் 14ஆம் நம்பர்ப் பிள்ளை புழுக்கம் தாங்காமல் அதைப் பாதிக்கு இழுத்து ஒரு றப்பர் பாண்டால் கட்டி வைத்திருந்தாள், அண்ணாவும் அவிழ்க்கவில்லை.

பூட்டுவது இரவு எட்டரைக்கு. போகிறவர்கள் 12ஆம் நம்பரைக் கேளுங்கள், மின்விசிறி அந்தப் பக்கம்தான். 14இன் மைக் இன்னும் உடைந்தபடிதான். 13இல் வி பட்டன் கொஞ்சம் இறுக்கம், நல்லாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.