வான்கோவின் அச்சா, தோட்டத்துப் பையனின் அசலா?

இலங்கை மலையகத்து அட்டனில் எங்கள் முன்னறைச் சுவருக்கு ஒரு படம் தேடினேன். இருந்த காசுக்கு இரண்டு வழிதான். வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ ஓவியத்தின் பெரிய அச்சுப் பிரதி ஒன்று. அல்லது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய கொழுந்து நிறுக்கும் காட்சி. நான் இரண்டாவதைத்தான் வாங்கினேன்.

வான்கோவின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் வரைந்த டாக்டர் காஷேயின் உருவப்படம் 1990இல் 8 கோடியே 25 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. ஆனால் அந்தப் பெறுமதியில் ஒரு சதம்கூட அச்சுப் பிரதிக்கு வராது. திரும்ப விற்கப் போனால் படத்தின் மரச்சட்டத்துக்குத்தான் விலை.

அதற்காக அசல் என்றால் விலை ஏறும் என்றும் சொல்ல மாட்டேன். 1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்கள் இன்று வெளிநாட்டு ஏலங்களுக்குப் போகின்றன. எல்லோருக்கும் அது வாய்க்காது. நான் இதுவரை ஒரு படமும் விற்றதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். பழைய வீட்டில் கண்ணாடி போட்ட அச்சுப் படம் ஒன்று வைத்திருந்தேன். ஈரலிப்பு உள்ளே போய்த் தாள் அலை அலையாக நெளிந்தது, மூலையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. வீட்டில் அதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை, தூக்கிப் போட்டேன். இந்த எண்ணெய் ஓவியத்தின் பின்பக்கமும் முதல் மழையிலேயே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்தது. காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவைத்து, மெல்லிய தூரிகையால் மெதுவாகத் தட்டிவிட்டேன், போய்விட்டது. ஈரத்துணி மட்டும் வைக்கக் கூடாது. அப்புறம், சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினேன். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடுகிறது. நேர் வெயிலும் ஆகாது. வான்கோ தன் படுக்கையறை ஓவியத்தில் ஊதாவாகத் தீட்டிய சுவர், சிவப்புச் சாயம் வெளுத்ததால் இன்று நீலமாகத் தெரிகிறது.

கலை என்று பார்த்தாலும் எனக்கு இதுதான். சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, கொழுந்துச் சாக்கின் மேல் தடித்து நிற்கும் பச்சை வண்ணத்துக்குத் தனியாக ஒரு நிழல் விழும். வழவழவென்ற அச்சுத்தாளில் அது கிடைக்காது. முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா படத்தை முதல்முறை பார்த்ததும் கிட்டப் போய், “இவ கண்ணு தராசு முள்ளு மேலயே இருக்கு பாரு” என்றார். நான் அதுவரை கவனிக்கவில்லை.

மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது. இருபது வருடம் தாங்குமா என்பதற்கு என் அனுபவம் போதாது. வாங்குபவர்கள் உள்சுவரில் மாட்டுங்கள், மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம்.