ஹேமக்குக்கு கீழ விரிக்க கிரவுண்ட் ஷீட்: காரைக்குடியில வாங்குன தார்ப்பாய் எப்படி இருக்கு

மரத்துல தொங்கிக்கிட்டு தூங்குறவனுக்கு தரையில விரிக்க ஷீட்டு எதுக்குன்னு கேக்குறவங்க, மழை பெஞ்ச செம்மண்ணுல ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு பேண்ட் மாத்திப் பாருங்க, தெரிஞ்சிரும். இது படுக்குறதுக்கு இல்லீங்க. இறங்குனா கால் வைக்க, பேக்கு வைக்க, உக்காந்து ஷூ மாட்ட, அவ்ளோதான். அதனால டென்ட்டுக்கு விரிக்கிற சைஸும் வேணாம், ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல போட்டிருக்கானே ஃபுட்பிரின்ட்னு, அதும் வேணாம்.

நான் வாங்குனது நம்ம காரைக்குடி ஹார்டுவேர் கடைகள்ல ரோலா தொங்குமே மல்டிலேயர் தார்ப்பாய், சில்பாலின் சில்பாலின்னு எல்லாக் கம்பெனி சரக்கையும் பொதுவா சொல்லுவாங்கல்ல, அந்த வகை. 120 ஜிஎஸ்எம், ஆறுக்கு நாலு அடி. கடைக்காரர் "நெல்லு காயப்போடவா தம்பி, இல்ல வண்டிக்கா"ன்னு கேட்டாரு. மரத்துல தொட்டில் கட்டி படுப்போம்ணே, அதுக்கு கீழ விரிக்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "வீட்ல எதுவும் சண்டையா தம்பி"ன்னாரு 😄

வாங்கும்போது ஒண்ணு மட்டும் செய்யுங்க, தராசுல போட்டுப் பாருங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் எத்தன கிராம்ங்கிறதுதான், வேற ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஆறுக்கு நாலு அடி கிட்டத்தட்ட 2.23 சதுர மீட்டர், அப்ப 120 ஜிஎஸ்எம்னா 267 கிராம் வரணும், 90 ஜிஎஸ்எம்னா 200 கிராம். முதல்ல போன கடையில (பேரு வேணாம்) 120னு குடுத்தத பக்கத்துல மளிகைக் கடையில நிறுத்துப் பாத்தா ஓரம் மடிச்சு ஒட்டுனது, வளையம் எல்லாம் சேத்தே 210 தாண்டல. திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தா "எல்லாம் ஒண்ணுதான் சார்"ங்கிறாப்ல. ரெண்டாவது கடையில ரோல்ல இருந்து கண்ணு முன்னாடியே வெட்டிக் குடுத்தாரு, எடை சரியா இருந்துச்சு. ரெண்டு பிரியாணி காசுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு.

ஏன் நீலத் தார்ப்பாய் எடுக்கலன்னு கேப்பீங்க. அது பிளாஸ்டிக் நார நெய்து, அது மேல ஒரு பூச்சு குடுத்தது. மடிக்கிற இடத்துல பூச்சு உரிய ஆரம்பிச்சா அதுவழியா ஈரம் மேல ஏறும், நம்ம ஊரு வெயில்ல கொஞ்ச நாள் கெடந்தா நாரு நாரா பிரிஞ்சு தோப்பு பூரா குப்பையாயிரும். மல்டிலேயர்ல நெசவே கிடையாது, ஃபிலிம ஒண்ணு மேல ஒண்ணு திசை மாத்தி ஒட்டியிருப்பாங்க, அதனால முள்ளு குத்துனா ஓட்டை விழும்தான், ஆனா அந்த ஓட்டை சர்ர்ருனு கிழிஞ்சுக்கிட்டே போகாது. கானாடுகாத்தான் பக்கம் ஃப்ரெண்டோட மாந்தோப்புலதான் நாங்க வழக்கமா கட்டுறது, வேலியோரம் பூரா சீமைக்கருவேலம், எவ்ளோ கூட்டித் தள்ளுனாலும் முள்ளு எங்கயாச்சும் கெடக்கும். என் ஷீட்டுல ஊசி ஓட்டை ஏழெட்டு இருக்கு, எதும் பெருசாகல, செல்லோடேப் ஒட்டி ஓடிக்கிட்டிருக்கு.

பழைய ஃப்ளெக்ஸ் பேனர் சும்மாவே கெடைக்குமேன்னா, கெடைக்கும், வெயிட்டு ரெண்டு மூணு மடங்கு. பைக்ல போறவங்க தாராளமா எடுத்துக்கலாம், காலையில கண்ணு முழிச்சா தரையில யாராச்சும் கும்பிட்டுக்கிட்டு சிரிப்பாங்க, அத மட்டும் பொறுத்துக்கணும். டைவெக் (காகிதம் மாதிரி இருக்குற பிளாஸ்டிக் நார் ஷீட்டு) நல்ல சரக்கு, லேசு, கிழியாது, ஆனா புதுசுல சலசலன்னு சத்தம், தவிர வெள்ளைத் துணி மேல செம்மண்ணு ஒட்டுனா எப்படியிருக்கும்னு செட்டிநாட்டுக்காரங்களுக்கு நான் சொல்லணுமா. சில்நைலான் (சிலிக்கான் பூச்சு குடுத்த நைலான் துணி) கால் வழுக்கும், அத மழைக்கு ஹேமக் மேல கட்டுற கூரைக்கு வச்சுக்கோங்க.

இப்ப முக்கியமான சமாச்சாரம், விரிக்கிற விதம். ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம இறுகிப்போன செம்மண்ணு தண்ணிய சட்டுனு குடிக்காது, மேலாக்க ஓடும். ஷீட்டு மேல்கூரைய விட ஒரு சாண் வெளிய நீட்டிக்கிட்டிருந்தாலும் சொட்டுற தண்ணியெல்லாம் அது மேல விழுந்து நடுவுல குளம் கட்டிரும், அப்புறம் நல்ல ஷீட்டு கெட்ட ஷீட்டு எல்லாம் ஒண்ணுதான். நாலு ஓரத்தையும் அடிப்பக்கமா மடிச்சு விட்டு, கூரைக்கு உள்ள ஒரு அடி தள்ளியே வைங்க. ஹேமக் பத்து பதினோரு அடி இருக்கும், அது முழுசுக்கும் விரிக்க வேண்டியதில்ல, இறங்குற பக்கம் நடுவுல இருந்தா போதும். உண்மையச் சொன்னா மூணுக்கு அஞ்சு அடியே தாராளம், 120ல 170 கிராம்கூட வராது. மரம் சரியா அமையாம தரையிலயே படுக்க வேண்டி வரும்னு பயந்தா மட்டும் ஏழுக்கு மூணு வெட்டிக்கோங்க, பொட்டல் பக்கம் பனைய விட்டா வேற மரம் இருக்காது பாருங்க.

குறைன்னா, ஈரக்காலோட மிதிச்சா லேசா வழுக்குது, மடிச்சா துணி மாதிரி படியாம விறைச்சுக்கிட்டு நிக்குது, அதனால மடிக்காம சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுர்றேன். அடுப்பு இது மேல வைக்கவே கூடாது, சூடு பட்டா உருகிரும், ஸ்டவ்வுக்கு தனியா ஒரு பலகையோ கல்லோ. காலையில எடுக்கும்போது வெறுங்கைய அடியில விடாதீங்க, ராத்திரி குளிருக்கு தேளு பூரான்லாம் அங்கதான் வந்து ஒண்டும், ஒரு குச்சியால ஓரத்த தூக்கிப் பாத்துட்டு உதறுங்க. ஷூவையும் ஷீட்டு மேல விடாம கயித்துல தொங்க விட்ருங்க.

வளையம் அடிச்ச ரெடிமேட் பீஸ் வேணாம், தரையில கெடக்குறதுக்கு வளையம் எதுக்கு. ரோல் முடியிற இடத்துல துண்டு மிஞ்சியிருக்கான்னு கேளுங்க, பாதி வெலைக்கு குடுத்துருவாங்க. கலரு மட்டும் கொஞ்சம் வெளிறுனதா எடுங்க, டார்ச் வெளிச்சத்துல எறும்பு வரிசையும் கீழ விழுந்த பைக் சாவியும் கண்ணுக்குத் தெரியும்.