பிஎல்பிளொட்: வரைவதில் தேர்ச்சி, நிறுவுவதில் கவனம்

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகளில் நீர்மட்டமும் நைத்திரேற்று அளவும் மாறும் விதத்தை ஆய்வறிக்கையில் தெளிவாகக் காட்ட விரும்பும் மாணவர்களுக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் பிஎல்பிளொட் என்ற வரைபட மென்பொருளை மனமாரப் பரிந்துரைக்கிறேன். மடக்கை அளவுத்திட்டமும் சமவுயரக் கோடுகளும் அச்சில் மிக நேர்த்தியாக வருகின்றன.

ஜாவா நிரல்மொழியிலிருந்து அதை அழைப்பவர்களுக்குத்தான் சிரமம். மென்பொருளின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருப்பதால், ஜாவாக் கோப்பை மட்டும் சேர்த்தால் நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, ஓடத் தொடங்கியதும் ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்’ என்று நின்றுவிடும். அச்செய்தியை முழுவதும் வாசிக்காமல் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுவது வீண் வேலை. சி மொழிப் பகுதியைக் கொண்ட லைப்ரரிக் கோப்பு, ஜாவா அதைத் தேடும் ‘ஜாவா.லைப்ரரி.பாத்’ பாதையில் இல்லை என்று அச்செய்தி சொன்னால், உரிய கோப்புறையை அப்பாதையில் கொடுத்தால் போதும். கோப்பு இருந்தும் ஏறவில்லையென்றால், லினக்ஸில், தேவையான துணை லைப்ரரிகளைப் பட்டியலிடும் ‘எல்டிடி’ கட்டளையை அதன்மீது ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘நொட் ஃபவுண்ட்’ என்று முடியும் வரியே காணாமற்போன துணை லைப்ரரியின் பெயரைக் காட்டிக்கொடுக்கும். 64 பிட் ஜாவாவுடன் 32 பிட் லைப்ரரி ஒருபோதும் சேராது என்பதால், பழைய கணினியில் வேலை செய்பவர்கள் இதை முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

எழுத்துருக்களும் நிறத்தட்டுகளும் தனிக் கோப்புறையில் இருப்பவை. ஆகவே லைப்ரரி ஏறிய பின்னும் வரைபடம் வராவிட்டால், ‘பிஎல்பிளொட்_லிப்’ என்ற சூழல் மாறி சரியான இடத்தைச் சுட்டுகிறதா என்று பாருங்கள்.